கழுவிக் கொடுத்த முட்கள்

முதலில் அநியாயம் செய்தது பெருங்காலன் யானைதான். காரியன் அதை இன்றுவரை மறக்கவில்லை.

காரியன் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி. அதன் கூட்டம் காட்டின் நடுவே ஒரு கரட்டு மேட்டில் வளை தோண்டி வாழ்ந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால், முதுகு முள் ஒன்றை எடுத்து, அவர் விரும்பிப் படுத்த இடத்தில் நடுவார்கள். குட்டி முதன்முதலாக வளையை விட்டு வரும் நாளில் ஒவ்வொரு முள்ளாகக் காட்டுவார்கள். "இவர் பாம்பை விரட்டிய பூட்டன். இவள் சிரிப்புக்கார அத்தை." எல்லோரையும் காட்டிய பிறகுதான் குட்டிக்குப் பெயர்.

ஒரு கோடையில் பெருங்காலன் வந்தது.

"காட்டுக்குக் குளம் வெட்டப் போகிறோம். மேட்டைக் காலி செய்யுங்கள்!"

"கிழக்கே வெட்டக் கூடாதா?" என்றது காரியன்.

"கிழக்கேயா! அங்கே என் தாத்தா முதுகு தேய்த்த மரம் இருக்கிறது. அதைத் தொடலாமா?"

மறுநாள் ஈடு கணக்கிட யானை அனுப்பிய நரி வந்தது. வளைகளை எண்ணியது. கிழங்குகளை எண்ணியது.

"பன்னிரண்டு வளை. இருபத்து நான்காகத் தருகிறோம். கிழங்கு இரண்டு குவியல். திருப்திதானே, பெரியவரே?"

"முட்கள்?"

நரி காதைச் சொறிந்தது. "அதற்கு எப்படி விலை போடுவது? கவலையை விடுங்கள்! நானே பத்திரமாகக் கொண்டுவருகிறேன்."

பேசிப் பேசிக் காரியனுக்கு அலுத்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டது.

கூட்டம் மேற்குச் சரிவுக்குக் குடிபோன மூன்றாம் நாள், நரி முட்களை ஒரே கட்டாகக் கொண்டுவந்து போட்டது. கொடியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"எண்ணிப் பாருங்கள்! எழுபத்தொன்று. ஒன்றுகூடக் குறையாது. மண் போக ஆற்றில் கழுவியும்விட்டேன்!"

காரியன் மோந்து பார்த்தது. ஆற்றுத் தண்ணீர் வாசனைதான் வந்தது.

"இதில் என் பெண்டாட்டி எது?"

"என்னது?"

"செவந்தி. நாவல் வேருக்கும் பிளந்த பாறைக்கும் நடுவில் இருந்தாள். இதில் அவள் எது?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

வளைக்குள்ளிருந்து காரியனின் மகள் கூப்பிட்டது. "அப்பா! குட்டி வெளியே வரத் துடிக்கிறாள். எந்த முள்ளை யாரென்று காட்டுவது?"

காரியன் நேராகப் பெருங்காலனிடம் போனது.

"இன்னும் இரண்டு குவியல் கிழங்கு தருகிறேன், போ!" என்றது யானை.

"கிழங்கு தின்றால் தீர்ந்துவிடும். நீயே வந்து எந்த முள் யாரென்று என் பேத்தியிடம் சொல். உன் கடன் தீர்ந்தது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா ஈடு கணக்கிட்டாய்?"

யானை தும்பிக்கையால் தலையைத் தடவியது. பிறகு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு முதுகு தேய்க்கப் போனது.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. குளம் நிறைந்து கிடக்கிறது. நாவல் மரம் நின்ற இடத்துக்கு மேலேதான் பெருங்காலன் குளிக்கிறது. காரியன் தினமும் கரையில் வந்து உட்காருகிறது.

"யோசித்தாயா?"

"யோசிக்கிறேன், யோசிக்கிறேன்!"

பேத்தி வளர்ந்துவிட்டாள். இன்னும் பெயர் இல்லை. எல்லோரும் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒருவர் இடத்தைப் பறிக்கும் முன் அங்கே அவருக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டும். கேட்காமல் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீராது.