கஞ்சி குடித்த வெண்கல முகம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஆடி அமாவாசை விடிகாலையில் அரண்மனைத் தெப்பக்குளத்தில் ஒரு முகம் மிதந்தது. செத்துப்போன பெரிய அரசரின் முகம். முழுக்க வெண்கலம், மனிதத் தலையைப்போல் மூன்று மடங்கு பெரிது. மல்லாந்து, வாயைக் கொஞ்சம் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து "ஊ… ஊ…" என்று முனகல் வந்தது. படித்துறையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மந்திரி வில்லவராயர் கைகூப்பினார். "அரசே, வெண்கலம் எங்காவது மிதக்குமா? தங்கள் தந்தையாரின் ஆவிதான் தாங்கி நிற்கிறது. பசிக்கிறதாம், துணையும் இல்லையாம். தம்மைச் சிரிக்கவைத்த சாத்தப்பனைக் கூப்பிடுகிறார்."

அவை விகடகவி சாத்தப்பன் மந்திரியை ஏறிட்டுப் பார்த்தான். அரசர் தன்மேல் வைத்த பிரியம் வில்லவராயருக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இப்படிக் குளத்தில் இறக்குவார் என்று அவன் நினைக்கவில்லை.

பயந்த அரசன் பொல்லாதவன். "இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போ. எம் தந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வா" என்றார் அரசர்.

கயிறு இறுகியது. முகம் மறுபடி முனகியது. சாத்தப்பன் அந்த வாயையே பார்த்தான். காற்று நின்றது, முனகலும் நின்றது. அம்மியே பறக்கிற ஆடிக் காற்று ஓட்டை வாயில் ஊதாமல் என்ன செய்யும்?

"போகிறேன், அரசே. ஆனால் அமாவாசைக்கு வந்த பிதுருக்களைப் பட்டினி போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுப்பது வழக்கமில்லையே. பசி என்று மந்திரியாரே சொன்னார். முதலில் ஊட்டிவிடுகிறேன்."

மடப்பள்ளியிலிருந்து மூன்று குடம் கஞ்சி வந்தது. சாத்தப்பன் பரிசலில் போய், கஞ்சிக் குடத்தை அந்த வாயில் சாய்த்தான். களக், களக் என்று அது விழுங்கியது. முதல் குடத்தில் காது முங்கியது. இரண்டாவதில் கன்னம் முங்கியது. மூன்றாவதில் பாதி போவதற்குள் தண்ணீர் உதட்டைத் தொட்டது; இரண்டு கண்களும் அவனையே பார்த்தபடி இறங்கின. சாத்தப்பனுக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியாக ஒரு குமிழி வந்தது.

காற்று பலமாக வீசியது. முனகல் இல்லை.

"என்னடா செய்தாய்?" என்றார் அரசர்.

"உள்ளே இரண்டரைக் குடம் வெறும் காற்று இருந்தது, அரசே. அதே வெண்கலத்தை உருக்கித் திரட்டினால் தேங்காய் அளவுதான் வரும், போட்டதும் மூழ்கும். தகடாக்கி உப்பவைத்தால் மிதக்கும். எடை அதேதான், அடைக்கிற இடம்தான் பெரிது. மடப்பள்ளி அண்டாவும்தான் மிதக்கிறது. அதை யார் விழுந்து கும்பிடுகிறார்கள்? காற்றிருந்த இடத்தில் கஞ்சி ஏறியதும், உருவம் பெருகாமல் கனம் மட்டும் கூடிவிட்டது."

அரசர் தம் கையாலேயே கயிற்றை அவிழ்த்து, தம் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார். பிறகு திரும்பினார். "மந்திரியாரே, எம் தந்தையின் பேச்சு உமக்குத்தான் புரிகிறது. கீழே போய், கஞ்சியில் உப்புப் போதுமா என்று கேட்டு வாரும்."

வில்லவராயர் படியிலேயே விழுந்து, முகத்தை வார்த்துக் கொடுத்த கன்னானின் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார், சபையும் சிரித்தது. சாத்தப்பன் மட்டும் குளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு படி மேலே ஏறி நின்றுகொண்டான்.