அரையரின் சாவோலை

“வெட்டுவது கழுத்தையா, கையையா என்பதுதான் பாக்கி” என்றார் அரசர் வீரகேது, இருமலுக்கு நடுவே. ஒரு காலத்தில் மருங்கூர் நாட்டை ஆண்டவர் அவர். காலையில் கட்டித் தழுவியவனை மாலையில் சிறையில் போடுவார்.

எதிரே கட்டுண்டு நின்றவன் கதை எழுதுகிற இளநாகன். அவன் கதையில் ஒரு பட்டத்து யானை செத்தது. மூன்றாம் நாள் அரசரின் யானை செத்தது. இப்போது எழுதும் கதையில் ஓர் அரசனுக்கு இருமல்.

“இவன் எழுதினால் நடக்கிறது, பிரபு” என்றார் விழுப்பரையர். அரசருக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய இருக்கை போன மாதம்தான் இளநாகனுக்குப் போயிருந்தது.

இளநாகனின் மனைவி குமுதவல்லி முன்னால் வந்தாள். “பன்னிரண்டு வருஷமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன். நான்கு கதைகளில் என்னைக் கொன்றிருக்கிறார். ஒருமுறை பாம்பு, ஒருமுறை கிணறு. கொன்ற அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ‘இருக்கிறேன், எழுந்திரும்’ என்று நான்தான் எழுப்ப வேண்டும்.”

“மனைவி சாட்சி செல்லாது” என்றார் அரையர்.

“அப்படியானால் நீங்களே சாட்சியாக இருங்கள், அரையரே. உங்கள் சாவை இவர் இங்கேயே எழுதட்டும். நாளைக் காலை நீங்கள் உயிரோடு வந்தால் இவருக்கு விடுதலை. வராவிட்டால் நீங்கள் சொன்னது உண்மை. அரசர் இவர் தலையை எடுக்கட்டும்.”

அரசருக்கு இது பிடித்துவிட்டது. “எழுது.”

கட்டை அவிழ்த்தார்கள். ஓலையில் எழுத்தாணி கீறும் சத்தம் மட்டும் சபையில் கேட்டது. பாதியில் இளநாகன் நிமிர்ந்தான்.

“தண்ணீரை எந்தக் கையால் வாங்குவீர்கள், அரையரே?”

“என்ன தண்ணீர்?”

“கடைசித் தண்ணீர். உங்கள் மகள் கொடுக்கிறாள். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?”

இளநாகன் குனிந்து எழுதினான். சிறிது நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. தன் தலையைக் கேட்டவருக்காக அவன் அழுதுகொண்டிருந்தான்.

அரையருக்கு முகம் வெளுத்தது. “நிறுத்தச் சொல்லுங்கள், பிரபு. யானை கிழட்டு யானை. தேறாது என்று வைத்தியர் அப்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.”

“என் இருமல்?”

“தாங்கள் மழையில் வேட்டைக்குப் போனீர்கள்.”

அரசர் அவரையே பார்த்தார். “பொய் என்று தெரிந்தே ஒருவன் தலையைக் கேட்டீர். பிறகு உம் பொய்க்கு நீரே பயந்தீர். இனிமேல் வாசலருகே நில்லும்.” தம் முத்துமாலையைக் கழற்றிக் குமுதவல்லியிடம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு. இளநாகன் மேல்துணியை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கி, சாவு வீட்டிலிருந்து திரும்பியவன்போல் மூன்று முறை தலைமுழுகினான். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.