நுனியில் சிங்கம் வைத்த சாட்டை

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைச் சூரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அவனுடைய கோபம் ஒருநாள், குஷி ஒருநாள் என்று முறைவைத்து ஆண்டன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர் அமைச்சர் ஆவுடையப்பர்.

ராஜாவிடம் சாரங்கம் என்றொரு வெள்ளைக் குதிரை இருந்தது. அதைப் பழக்குகிறவர் மீரான் ராவுத்தர். திடலின் நடுவில் நின்று, ஒரு கையில் நீளக் கயிற்றைப் பிடித்துக் குதிரையைத் தன்னைச் சுற்றி வட்டமாக ஓடவிடுவார். மறு கையில் நீட்டிய சாட்டையால் அதற்கு வேகம் காட்டுவார். அவருடைய பழைய மூங்கில் சாட்டை இற்றுப்போய்விட்டது. லாயத்தோடு முடிய வேண்டிய காரியம், யாரோ ஓதிவிட அரசவைக்கு வந்து சேர்ந்தது.

“என் குதிரைக்கு மூங்கில் குச்சியா?” என்றான் ராஜா.

கருவூலத் தலைவர் மங்கைபாகர் எழுந்தார். ராஜா ஆவுடையப்பரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் இவர். “தங்கத்தில் செய்துவிடுவோம் மகாராஜா!”

“நுனியில் ஒரு சிங்கத் தலை வை. குதிரை பார்த்ததும் நடுங்க வேண்டும்.”

அவைக்கு அழைத்துவரப்பட்டு ஓரமாக நின்ற ராவுத்தருக்கு வாய் சும்மா இருக்காது. “மகாராஜா, இந்தச் சாட்டை அடிக்கிறதுக்கில்ல, காட்டுறதுக்கு. வெயில் ஏறுற வரைக்கும் நீட்டுன கை நீட்டுனபடி நிக்கணும். சாட்டை இலேசா இருக்கணும். இருக்கிற கனமும் பிடியில இருக்கணும். நுனியில கனம் வச்சா, நான் சொல்ற இடத்துக்கு அது போகாது. அது போற இடத்துக்கு நான் போகணும்.”

கேட்பார் இல்லை. சாட்டை தயாராகி வந்தது. “பூ மகாராஜா, பூ!” என்று மங்கைபாகர் எடுத்துக் கொடுக்க, அவையில் கைமாறியது. “பூப்போல இருக்கிறது” என்றார் சேனாபதி. “பூவே கனம்” என்றார் புரோகிதர். ஆவுடையப்பர் கைக்கு வந்ததும் மணிக்கட்டு மடங்கிப்போயிற்று. ராஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சிரித்துவைத்து, பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவர் தன்னையே நொந்துகொண்டார்.

நோகாமல் எப்படி இருப்பார்? அயல்நாட்டுத் தூதர்கள் வந்த அன்று, “இன்னும் ஓட்டு, இன்னும் ஓட்டு” என்று உச்சிவெயில் வரைக்கும் வேடிக்கை காட்டச் சொன்னான் ராஜா. ராவுத்தரின் கை சோர்ந்தது. நுனி சாய்ந்தது. குதிரை மிரண்டு உள்ளே பாய, தங்கச் சிங்கம் அதன் இடது கண்ணைக் கிழித்துவிட்டது.

“வெட்டு அந்தக் கையை!” என்றான் ராஜா.

விசாரணை என்று பெயருக்கு ஒன்று கூட்டினார்கள். மங்கைபாகர்தான் சாட்சி. அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்லுகிறவர் சான்றுப் பொருளை ஒரு கையால் நீட்டிப் பிடித்தபடி அரியணைக்கு முன் நிற்க வேண்டும். விசாரணை முடியுமுன் கை தாழ்ந்தால் சாட்சி செல்லாது. திருட்டுச் சங்கிலி, உடைந்த செம்பு என்று இலேசான பொருள்களே வந்துகொண்டிருந்ததால் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

மங்கைபாகர் சாட்டையை நீட்டினார். “குதிரைக்காரனின் கவனக்குறைவு, மகாராஜா. சாட்டையில் குற்றம் இல்லை.”

ஆவுடையப்பர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். “நல்லது. முதலில் குதிரையின் பூர்வீகத்தைச் சொல்லுங்கள்.”

“பூர்வீகம் எதற்கு?”

“கண் போனது அதற்குத்தானே? சொல்லுங்கள். தாய் எந்த நாடு? எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? கப்பலில் என்ன தின்றது?”

மங்கைபாகர் சொல்லச் சொல்ல நெற்றி வேர்த்தது. தாய் முடிந்து தகப்பன், தகப்பன் முடிந்து லாடம் அடித்தவன் என்று கேள்வி வளர்ந்தது. தங்கச் சிங்கம் தலையாட்டத் தொடங்கியது.

“அமைச்சரே, மறு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொள்ளட்டுமா?”

“ராவுத்தரின் மறு கையில் குதிரைக் கயிறு இருந்ததே ஐயா! அடுத்து, அந்தக் குதிரைக்குக் கொள்ளு பிடிக்குமா, புல்லு பிடிக்குமா?”

பதில் வரவில்லை. சாட்டைதான் வந்தது. சிங்கம் நேராக ராஜாவின் முழங்காலில் விழுந்தது.

“ஐயோ!” என்று அலறினான் ராஜா.

“மகாராஜா, ஒரு சந்தேகம்” என்றார் ஆவுடையப்பர். “இப்போது யாருடைய கையை வெட்டுவது?”

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு என்ன தோன்றியதோ, விழுந்து விழுந்து சிரித்தான். அன்று குஷியின் முறைபோலிருக்கிறது. “ராவுத்தரை விடுங்கள். இத்தனை கனமாகச் சாட்டை செய்தது யார்?”

சிங்கம் யார் கேட்டது என்று அவையில் எல்லாருக்கும் தெரியும். ராஜாவின் கண் மறுபடியும் ஆவுடையப்பர் முகத்தில் வந்து நின்றது.

“கருவூலத் தலைவர்தான், மகாராஜா.”

“அப்படியானால் போய் லாயத்தில் குதிரை லத்தி அள்ளட்டும்! பூ என்றானே, பூ!”

அவை கைதட்டியது. பூ என்று சொன்ன அத்தனை பேரும் தட்டினார்கள். மங்கைபாகர் தலை குனிந்து போனார். ஆவுடையப்பருக்கு வாயெல்லாம் கசந்தது.

“கேளும் அமைச்சரே, என்ன வேண்டும்?”

“அந்தக் குதிரையை ராவுத்தருக்குக் கொடுங்கள்.”

“ஒற்றைக்கண் குதிரைதானே? எடுத்துக்கொண்டு போகட்டும்.”

வாசல்வரை வழியனுப்பப் போனார் ஆவுடையப்பர். ராவுத்தர் குதிரையின் குருட்டுப் பக்கமாக நின்று கழுத்தில் கைவைத்திருந்தார். “கையக் காப்பாத்துனீங்க, மறக்கமாட்டேன். ஆனா அன்னைக்கு அந்தச் சாட்டை உங்க கைக்கும் வந்துச்சே அமைச்சரே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அமைச்சர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். திரும்பி வந்தபோது அவருக்குப் பரிசு காத்திருந்தது. அந்தத் தங்கச் சாட்டையேதான். இனி அவை கூடும்போதெல்லாம் அரியணைக்குப் பக்கத்தில் நின்று அதை நீட்டிப் பிடிக்கும் கௌரவம் அவருக்கு மட்டும்.

முதல் நாளே தோள் இற்றுவிழுந்தது. ராஜா திரும்பிப் பார்த்து அன்பாகக் கேட்டான்: “கனக்கிறதா அமைச்சரே?”

நாட்டிலேயே பெரிய கெட்டிக்காரர் ராஜாவின் முழங்காலைப் பார்த்தார். ராஜாவின் கண்ணைப் பார்த்தார்.

“இல்லை மகாராஜா. பூப்போல இருக்கிறது.”