சரிவுக்கு அடியில் எத்தனை முழம்?

கோபுரத்து உச்சிக்குக் கல் இழுக்க ஐந்நூறு முழ நீளத்தில் மண்ணால் சரிவுப்பாதை போடச் சொன்னார் பெருந்தச்சர். கோபுரத்திலிருந்து நானூற்றுத் தொண்ணூறாவது முழத்தில் ஒரு கிணறு. மண் சுமக்கும் பூவாயியின் தெருவுக்கு அது ஒன்றுதான் தண்ணீர்.

“சரிவு அதைத் தாண்டும். தூர்த்துவிடுங்கள்!” என்றார் தச்சர்.

“சாய்ச்சு வெச்ச ஏணி தன் நீளத்துக்குத் தரையைப் பிடிக்குமா சாமி?” என்று கேட்டாள் பூவாயி.

கூட்டம் சிரித்தது. தச்சருக்கு முகம் சிவந்தது. “அப்படியா அம்மணி? இன்னும் போடாத சரிவு எத்தனை முழம் தரையைப் பிடிக்கும்? சொல். தவறினால் முதல் கூடை மண்ணை நீயே கிணற்றில் கொட்டு.”

சரிவின் சாய்வைக் காட்ட அவர் செய்து வைத்திருந்த சாய்வுக்கட்டையின் மேல், இருபத்தைந்து விரல் நீளப் பலகையைப் பூவாயி சாய்த்து வைத்தாள். மேல்முனையிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினாள். குண்டு தொட்ட இடத்திலிருந்து பலகையின் அடிவரை விரல் வைத்து எண்ணினாள். இருபத்து நான்கு.

“இருபத்தஞ்சுக்கு இருபத்து நாலு. அப்போ ஐந்நூறுக்கு நானூத்தி எண்பது சாமி.”

“கைப்பலகையும் மலைபோன்ற சரிவும் ஒன்றா?”

தச்சர் அதே சாய்வில் ஐம்பது விரல் பலகையை வைத்தார். நாற்பத்தெட்டு வந்தது. நூறு விரல் கழியை வைத்தார். தொண்ணூற்றாறு வந்தது. அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். நூலைக் குனிந்து பார்த்தார்.

“இத்தனை பெரிய சரிவை ஒரு நூலில் கட்டிவிட்டாயே, தாயே!”

பிறகு சரிவின் அடியைக் குறிக்கும் முளைக்குச்சியைத் தாமே தூக்கிப்போய், கிணற்றுக்குப் பத்து முழம் முன்னாலேயே அறைந்தார்.