டேங்கில் ஐந்து வட்டங்கள்

நாச்சிமுத்து வாத்தியாருக்கு அறுபத்தோரு வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் சுகுணா. பொள்ளாச்சி ரோட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் அவரிடம்தான் கணக்குப் படித்தாள். படித்தேன் என்று அவள் சொல்வாள், அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வாத்தியார் இருபது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன யெஸ்டி மோட்டார் பைக், மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. இன்ஜினை ஒரு மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார். பெயிண்டை மட்டும் நானே அடிப்பேன் என்று வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார்.

"சாக்பீஸைத் தவிர எதைத் தொட்டிருக்கறீங்க?" என்றாள் மனைவி ருக்மணி.

அந்த ஒரு கேள்விதான் அவரைக் கிளப்பிவிட்டது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. படிவத்தில் 'வர்ணம் அடித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

சுகுணா சொல்லிக்கொடுத்தபடி பெட்ரோல் டேங்கின் துருவைச் சுரண்டினார். மேடுபள்ளத்தை நிரவப் பட்டி போட்டார். தேய்த்தார். சாம்பல் நிற ப்ரைமர் அடித்தார். சாயங்காலம் அவள் வந்தாள். மெல்லிய வேட்டித் துணியை டேங்கின்மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, மேடுபள்ளம் தட்டுகிறதா என்று இடது கையால் தடவினாள்.

"கலர் அடிக்கலாமா அம்மிணி?"

"இன்னும் இல்லீங்க சார்."

"எங்க தப்பு?"

"என்ற நோட்டுல எங்க தப்புன்னு நீங்க எழுதியிருக்கறீங்களா? சிவப்புப் பேனாவுல ஒரு வட்டத்தைப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பீங்க."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுக்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்தால் கணக்கு என்னுது, கண்டுபிடித்தால் உன்னுது என்று முப்பத்துநாலு வருஷம் வகுப்புக்கு வகுப்பு பெருமையாகச் சொன்னவர் அவர்தான்.

மறுநாளும் தேய்த்தார். மறுநாளும் அதே பதில். செவ்வாய்க்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ற கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலியே! வேணும்னே இழுத்தடிக்கறயா?"

சுகுணா பையிலிருந்து கருப்பு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்கி, டேங்க் முழுக்கப் புகைபோல அடித்துவிட்டாள்.

"அடிப்பாவி!"

அவர் போட்ட சத்தத்தில் ருக்மணி கரண்டியோடு வெளியே வந்தாள். பதினோரு நாள் உழைப்பு. பளிங்குபோல இருந்த டேங்க் கரிச்சட்டியாகிவிட்டது.

சுகுணா ஒரு மரக்கட்டையில் தேய்க்கும் வாட்டர் பேப்பரைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"தேய்ங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வாத்தியார் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி குடித்தார். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். கருப்பு கரைந்து ஓடியது. சாம்பல் நிறம் திரும்பியது. ஐந்து இடங்களில் மட்டும் கருப்பு போகவில்லை. துவரம்பருப்பு அளவில் ஐந்து பள்ளங்கள். பள்ளத்துக்குள் கட்டை எட்டாததால் கருப்பு அங்கேயே தங்கிவிட்டது.

முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷமே, உண்மையைச் சொன்னால், அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்தவர் தப்பையே பிடித்துக்கொண்டிருந்த மனுஷன், தன் தப்பைத் தானே பிடித்துவிட்டார்! ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் சட்டைப்பையை விட்டுப் போகாத சிவப்புப் பேனாவை எடுத்து, ஐந்தையும் அழுத்தி வட்டமிட்டார். ருக்மணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தப்பைக் காட்டிப் பெருமைப்படற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

பள்ளங்களில் பட்டி வைத்தார். தேய்த்தார். மேலே ப்ரைமர் அடித்தார். வியாழக்கிழமை சுகுணா கண்ணை மூடித் தடவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் தடவினாள்.

"அடிங்க சார்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் க்ரீம் கலர் அடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து வந்து காட்டினார். ருக்மணிகூட இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தாள்.

சனிக்கிழமை காலை காபியோடு போர்டிகோவுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். க்ரீம் நிறத்துக்கு மேலே ஐந்து ரோஸ் நிற வட்டங்கள். பள்ளத்தை மூடியவர் மையை மறந்துவிட்டார். பெயிண்டின் ஈரத்தில் அது கரைந்து மேலே ஏறிவந்திருந்தது.

ஃபோன் செய்ததும் சுகுணா ஓடிவந்தாள்.

"பேனாவுங்களா சார்?"

"பேனாதான்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவர் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடக்க வேண்டிய சிரிப்பே இல்லாமல் போனது.

"மறைக்க வழி?"

"தகரம் தெரியற வரைக்கும் சுரண்டோணுமுங்க. மறுபடி மொதல்ல இருந்து. ஒரு வாரம் ஆகும்."

"நாளைக்குப் போகோணுமே அம்மிணி."

அவள் வேட்டித் துணியை அவரிடம் நீட்டினாள்.

"கண்ணை மூடிட்டுத் தடவுங்க சார்."

தடவினார். முன்னிருந்து பின். பின்னிருந்து முன்.

"எங்காச்சும் கையில தட்டுதுங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்க சார்?"

துணியை அவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது வண்டிகளுக்கு நடுவே யெஸ்டி நின்றது. தேய்த்த வெள்ளைச் சட்டையில் வாத்தியார் அதன் பக்கத்தில் நின்றார். மார்க் போட வந்த பெரிய மீசைக்காரர் டேங்கைப் பார்த்துக் குனிந்தார்.

"ஏனுங்க, இதென்ன அம்மைத் தழும்பாட்ட?"

வாத்தியார் தோளிலிருந்த துணியை எடுத்து டேங்கின்மேல் விரித்தார்.

"கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க."

மீசைக்காரர் தடவினார்.

"ஒண்ணும் தட்டலீங்களே."

"தட்டாதுங்க. அஞ்சு தப்பு இருந்துச்சு. பண்ணுனதும் நான்தான், புடிச்சதும் நான்தான், திருத்துனதும் நான்தான்."

பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியவன் பெயரை வாசிப்பதுபோல அவர் குரல் கணீரென்று ஒலித்தது. அதற்குப் பிறகு தடவிப் பார்க்க ஒரு வரிசையே நின்றுவிட்டது. பரிசு வேறு யாருக்கோ போனது. யாருக்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சுகுணாவுக்குப் பெருமையில் முகம் மலர்ந்திருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. முதல் சிக்னலில் நிறுத்தினார். முன்னால் இருந்த டேங்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அம்மிணி, உன்ற நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் போட்டேனே. அந்த வட்டமெல்லாம்..."

அவர் டேங்கின் ஒரு வட்டத்தை விரலால் தடவினார்.

"கண்ணுக்கு இன்னும் தெரியுமுங்க சார்" என்றாள் சுகுணா. "தடவிப் பாத்தா தட்டாதுங்க."