தும்ம முடியாத யானையும் ஒரு சின்ன 'ம்'மும்

ஏய், உக்காருங்க, உக்காருங்க! காலை மடக்கு, வாயை மூடு. செந்தட்டி, அந்த முறுக்கை இப்பவே கடிச்சு முடிச்சுடு, நடுவுல கடக் முடக்னு சத்தம் வரக்கூடாது. மூலையில அல்லிக்கொடியைப் பாருங்க, வந்ததுலேர்ந்து வாயைத் தொறந்துச்சா? அப்படி இருக்கணும்.

அந்தக் காலத்துல, மிருகமெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சப்ப, காட்டுல பொய்யே கிடையாது. நடந்ததை மட்டும்தான் சொல்லணும். நடக்காததைச் சொன்னவன்கூட ஆயுசுக்கும் யாரும் பேச மாட்டாங்க.

அங்க சடையன்னு ஒரு கரடி. பேச்சுதான் அவனுக்குச் சோறு. நரி மாதிரி ஊளை விடுவான், மயில் மாதிரி அகவுவான், எருமை முன்னாலயே உக்காந்து எருமை மாதிரி அசை போட்டுக் காட்டுவான். ஒரு நாள் பேச ஆள் இல்லைன்னா அவனுக்கு உசிரே போயிடும்.

ஒரு நாள் காலையில திடீர்னு ஆத்துல வெள்ளம். செவத்தி முயலோட குட்டி துளி, நடு ஆத்துப் பாறையில மாட்டிக்கிச்சு. வழுக்குப் பாறை. ஒரு வேரைப் பல்லால கவ்விக்கிட்டுத் தொங்குது. சடையன் ரெண்டு தரம் குதிச்சான், ரெண்டு தரமும் வெள்ளம் அவனைக் கரையில தூக்கி எறிஞ்சுது. மழை வலுத்துப் பாறையே கண்ணுக்குத் தெரியலை.

"துளிக்கண்ணு! இருக்கியா?"

"ம்."

"வாயைத் தொறந்துடாதே! தண்ணி வடியிற வரைக்கும் மாமா பேசுறேன், நீ 'ம்' மட்டும் சொல்லு."

சடையன் நடந்ததெல்லாம் சொன்னான். முந்தாநாள் புத்து தோண்டுனான். நேத்து புத்து தோண்டுனான். இன்னைக்கும் அதே புத்துதான். துளியோட "ம்" இழுத்துக்கிட்டே போச்சு. கொட்டாவி விட்டா வாய் தொறக்கும், வேர் போயிடும்.

"அண்ணே, புள்ளை தூங்குதண்ணே!" செவத்தி கதறுனா.

நடந்ததெல்லாம் தீந்துபோச்சு. சடையன் திரும்பிப் பாத்தான். கரை முழுக்க மிருகங்க, எல்லாம் அவன் சிரிக்க வச்ச மொகங்க. நடக்காததைச் சொன்னா இனி ஒண்ணுகூட அவனைப் பாத்துப் பேசாது. ஆத்துப் பக்கம் திரும்பி ஆரம்பிச்சான்.

"ஒரு ஊர்ல ஒரு யானை. அதோட தும்பிக்கைக்குள்ள ஒரு குருவி கூடு கட்டி மூணு முட்டை போட்டுருச்சு. அந்த நேரம் பாத்து யானைக்குத் தும்மல் வருது... ஹ... ஹா..."

"ம்ம்ம்?"

எம்மாம் பெரிய 'ம்'! சடையனுக்கு உசிர் வந்துச்சு. யானை மூச்சைப் புடிச்சுது, மலையைக் கட்டிப் புடிச்சுது, முட்டை பொரிச்சுது, மூணு குஞ்சும் யானையைத் தூக்கிக்கிட்டு மேகத்துக்கு மேல பறந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு "ம்". தண்ணி இடுப்பளவு வடிஞ்சதும் சடையன் எறங்கிப்போய்த் துளியைத் தலையில வச்சுக் கொண்டுவந்தான்.

கரையில யாரும் பேசலை. எருமை முதுகைக் காட்டி நின்னுச்சு. சடையன் கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டிப் பாத்தான், ஒருத்தரும் சிரிக்கலை.

துளி கேட்டுச்சு, "ஏன் மாமாகூட யாரும் பேசலை?"

"நடக்காததைச் சொல்லிட்டான்ல," எருமை திரும்பாமலே சொல்லுச்சு.

"நடக்கலைன்னு யாரு சொன்னா? நடக்க நடக்க நான்தானே 'ம்' சொல்லிக்கிட்டே வந்தேன்!"

எருமை ரொம்ப நேரம் அசை போட்டுச்சு. அப்புறம் மெதுவா மூஞ்சியைத் திருப்பிச்சு. "ஏம்ப்பா சடையா... அந்த யானை தும்முச்சா இல்லையா?"

அவ்வளவுதான், அத்தனையும் சுத்தி உக்காந்துருச்சுங்க. துளி வளந்து பேரன் பேத்தி எடுத்த பொறவும், மழை வலுத்தா ஈரக் கரடி வாசம் வருதுன்னு காதை நிமித்திக்கிட்டு உக்காந்திருக்குமாம், வாய்க்குள்ள ஒரு "ம்"மோட.

அன்னையிலேர்ந்துதான் கதை கேக்குறவங்க "ம்" கொட்டணும்னு வந்துச்சு. கொட்டுனா கதை, கொட்டலைன்னா பொய்.

அப்பதான் மூலையிலேர்ந்து அல்லிக்கொடி வாயைத் தொறந்துச்சு.

"நான் இன்னும் ஒரு 'ம்'கூடச் சொல்லலையே சித்தப்பா. முதல்ல யானை தும்முச்சான்னு சொல்லுங்க, அப்புறம் யோசிக்கிறேன்."