முப்பத்திரண்டு தடவை மென்ற முதலாளி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளி தெய்வசிகாமணிக்குத் திடீரென்று தொழிலாளர் உடம்பின் மேல் அக்கறை பொங்கிவிட்டது. கேன்டீனில் போர்டு மாட்டினார். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டுமாம். தட்டில் மிச்சம் வைத்தால் மெமோவாம். சாப்பாட்டு நேரம் மட்டும் பழையபடி பத்தே நிமிடம். அதைக் கூட்டினால் பனியன் குறைந்துவிடுமே!

முதல் வாரத்திலேயே பதினெட்டுப் பெண்களுக்கு மெமோ. பனியனில் நூல் பிசிர் வெட்டும் மாராத்தாளுக்கும் ஒன்று. அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆரோக்கியமான கம்பெனிக்குப் பரிசு கொடுக்கும் குழு சென்னையிலிருந்து வந்தது. முதலாளி போர்டைக் காட்டிப் பெருமையடித்தார். மாராத்தாள் தட்டு நிறையச் சாமைச் சோறு கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்களுக்கு இன்னும் பழக்கம் பத்தலைங்க. நீங்களே ஒருக்கா சாப்பிட்டுக் காட்டுங்க. நாங்க எண்ணிக்கறோம்."

வந்தவர்கள் முன்னால் எப்படி மறுப்பார்? உட்கார்ந்தார். இருநூறு பெண்கள் பசியோடு நின்று, ஒவ்வொரு வாய்க்கும் முப்பத்திரண்டு வரை சத்தமாக எண்ணினார்கள். பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தபோது தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மாராத்தாள் இடுப்பிலிருந்த மெமோவை விரித்து அந்தத் தட்டருகே வைத்தாள்.

"பேரை மட்டும் மாத்திக்கோங்க. மத்ததெல்லாம் உங்களுக்கும் சரியாத்தானுங்க இருக்கு."